குரலுக்குக் காத்திருப்பவர்கள்: டாக்டர் ஹூ ஒலி நாடகங்கள் பற்றிச் சில எண்ணங்கள்

சிலம்பும் கம்பனும் பாரதியும் இடம்பெறும் சங்க மலரில் ஆங்கிலேயரின் அறிவியல் புனைகதை ஒன்றுக்குச் சில பக்கங்கள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று அன்பர்கள் நினைக்கக்கூடும். விண்வெளியையும் இயந்திர மனிதர்களையும் பற்றிப் பேசப்போகிறேன் என்பது உண்மைதான். ஆனாலும் என் மனத்தை உறுத்துவது வேறொரு கேள்வி. தொலைக்காட்சியில் நின்றுபோன ஒரு தொடர், அதே பழைய நடிகர்களின் குரலில் ஒலி நாடகமாகத் தொடரப்போகிறது என்று ஓர் அறிவிப்பு வருகிறது. உடனே பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட மாதக் கணக்கில் நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். இவர்கள் காத்திருப்பது புதுக் கதைக்கா, பழைய குரலுக்கா? இந்த இரண்டு ஆசைகளும் ஒரே வீட்டில் குடியிருந்தாலும் ஒத்துப்போவதில்லை என்பது, நெடுநாள் கேட்டு வருகிறவன் என்ற முறையில் என் கருத்து. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

காதால் நாடகம் கேட்பது நமக்கொன்றும் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை மதியம் வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. ‘திருவிளையாடல்’ கதை வசனத்தைத் திருவிழா ஒலிபெருக்கியில் கேட்டே, படம் பார்க்காமல் தருமியின் புலம்பலை ஒப்பித்த பிள்ளைகள் எத்தனை பேர்! காத்திருப்பதும் நமக்குப் பழக்கம்தான். வெளிமாநிலத்துக்குக் குடிவந்த புதிதில், தபாலில் வரும் வார இதழ் ரெண்டு நாள் பிந்தினால் வீட்டில் ஆளாளுக்குத் தபால்காரரை வைவோம். தொடர்கதை எந்த இடத்தில் நின்றது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே லண்டன்காரர்களின் இந்தப் பைத்தியத்தை வேடிக்கை பார்க்க நமக்கு உரிமை கிடையாது.

தொடரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிபிசி நிறுவனம் 1963 நவம்பர் 23 அன்று ‘டாக்டர் ஹூ’ தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படும் ஒருவர், வெளியே நீலநிறப் போலீஸ் பெட்டியாகவும் உள்ளே பெரும் மாளிகையாகவும் இருக்கும் டார்டிஸ் என்ற ஊர்தியில் காலத்திலும் வெளியிலும் பயணம் செய்கிறார். கூடவே சாதாரண மனிதர்கள் சிலர் துணைக்குப் போகிறார்கள். முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடல்நலம் குன்றியபோது, 1966இல், டாக்டர் சாகும் தறுவாயில் உருமாறி வேறோர் ஆளாகிவிடுவார் என்று கதையை வளைத்து பேட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு வளைவுதான் தொடரின் ஆயுள் ரகசியம். 26 பருவங்கள் ஓடி 1989 டிசம்பரில் நின்றது. ஏழு நடிகர்கள் அதுவரை டாக்டராக வந்திருந்தார்கள். ஒருவர் போய் மற்றொருவர் வருவதால் ஒவ்வொரு ரசிகருக்கும் ‘என்னோட டாக்டர்’ என்று ஒருவர் உண்டு. மற்றவரெல்லாம் நல்லவர்கள்தான், ஆனாலும் அவர் மாதிரி வராது.

இத்தொடருக்கும் காதுக்கும் உள்ள உறவு ஒலி நாடகத்துக்கு முந்தியது. ஒளிநாடா விலை அதிகம், மறு ஒளிபரப்பு உரிமையும் குறைவு என்ற காரணங்களால் 1960களின் நிகழ்ச்சிகள் பலவற்றைப் பிபிசி பின்னர் அழித்துவிட்டது. டாக்டர் ஹூவில் மட்டும் 90க்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் காணாமல் போயிற்று. ஆனால் அவற்றில் ஒன்றின் ஒலிகூடத் தொலையவில்லை. காரணம், ஒளிபரப்பு நாளில் தொலைக்காட்சிப் பெட்டி எதிரே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, “யாரும் பேசாதீங்க” என்று வீட்டாரை அடக்கிவிட்டு உட்கார்ந்த சில பள்ளிப் பிள்ளைகள். நிறுவனம் தொலைத்ததை ரசிகர்கள் காதில் வைத்திருந்தார்கள். முகம் போனாலும் குரல் மிஞ்சும் என்ற நம்பிக்கை அங்கேயே விதையாக விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

1980களில் ஆடியோ விஷுவல்ஸ் என்ற பெயரில் இளைஞர் சிலர் தாங்களே எழுதி நடித்து ஒலிநாடாவில் டாக்டர் ஹூ கதைகளைப் பதிவு செய்து பரிமாறிக்கொண்டார்கள். அனுமதி, காசு எதுவும் இல்லாத பொழுதுபோக்கு. அந்தக் கூட்டத்தில் இருந்த நிக்கோலஸ் பிரிக்ஸ், கேரி ரஸ்ஸல் போன்றவர்கள்தான் பின்னாளில் பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் தூண்களானார்கள். பிபிசியிடம் முறையாக உரிமம் பெற்று அந்நிறுவனம் வெளியிட்ட முதல் டாக்டர் ஹூ ஒலி நாடகம் ‘தி சைரன்ஸ் ஆஃப் டைம்’. வெளிவந்தது 1999 ஜூலை. எழுதியவர் பிரிக்ஸ். பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் என மூன்று பழைய டாக்டர்களும் அதில் பேசினார்கள். படைப்பாக அது சுமார் ரகம்தான். ஆனால் பத்து வருஷம் தொடர் இல்லாமல் தவித்தவர்களுக்கு அந்தக் குரல்களே போதுமாயிருந்தன. யாரும் குறை சொல்லும் மனநிலையில் இல்லை.

பிறகு மாதத்துக்கொன்று என்ற கணக்கில் வரத் தொடங்கின. பெரும்பாலும் நான்கு பகுதிகள், இரண்டு குறுந்தகடுகள், ஒவ்வொரு பகுதி முடிவிலும் நம்ம ‘தொடரும்’ போல ஒரு திடுக்கிடல், உடனே முகப்பிசை. பழைய தொலைக்காட்சி வடிவத்தை அப்படியே காதுக்கு மாற்றியிருந்தார்கள்.

உண்மையான எதிர்பார்ப்பு என்றால் என்ன என்பது 2001 ஜனவரியில் தெரிந்தது. எட்டாவது டாக்டராக நடித்த பால் மெகான், 1996இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படத்தில் வந்துவிட்டு மறைந்தவர். அமெரிக்கக் கூட்டில் எடுக்கப்பட்ட அந்தப் படம் தொடராக வளரவில்லை. ஆக அவரை டாக்டராக நேசித்தவர்களுக்குக் கைவசம் இருந்தது ஒன்றரை மணி நேரம் மட்டுமே. அவர் குரலில் ‘ஸ்டார்ம் வார்னிங்’ வந்தபோது அது பழைய நினைவைப் புதுப்பிக்கும் காரியமாக இருக்க முடியாது, ஏனெனில் புதுப்பிக்க அதிகம் நினைவே இல்லை. இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கேட்பவர்களிடம் ஆசை இருந்தது, முன்முடிவு இல்லை. எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல நிலம் அமையாது.

கதை நடக்குமிடம் ஆர்-101 என்ற வான்கப்பல். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சியை நோக்கி 1930 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, பிரான்ஸ் நாட்டில் விழுந்து எரிந்து 48 பேரைப் பலிகொண்ட உண்மையான கப்பல் அது. அதில் ஆண் வேடத்தில் திருட்டுத்தனமாக ஏறிய சார்லி போலார்டு என்ற பெண்ணை டாக்டர் காப்பாற்றிவிடுகிறார். சரித்திரப்படி அவள் அங்கே செத்திருக்க வேண்டும். செத்திருக்க வேண்டியவள் உயிரோடு உலவுவதால் காலத்தின் நெசவில் ஒரு கிழிசல். அடுத்த இரண்டு ஆண்டுக் கதைகளுக்கு அந்தக் கிழிசல்தான் ஊற்று.

அவற்றில் ஒன்று, 2002 பிப்ரவரியில் வந்த ‘தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்’. எழுதியவர் ராபர்ட் ஷியர்மன். இந்த வரிசையில் ஒன்றே ஒன்றைக் கேட்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு இதைச் சொல்வேன். 1906ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. ஒரு பெரிய வீட்டின் கீழ்த்தளம், வேலைக்காரர்கள் புழங்குமிடம். எடித் என்ற பாத்திரம் கழுவும் பெண் இறந்துபோகிறாள். கடிகாரம் அடிக்க அடிக்க மற்றவர்களும் சாகிறார்கள். நள்ளிரவு தாண்டினால் நேரம் மறுபடி பழைய இடத்துக்கே திரும்புகிறது. சமையற்காரி தன் கிறிஸ்துமஸ் புட்டிங் பெருமையை மறுபடியும் பேசத் தொடங்குகிறாள். முதல் தடவை சிரிப்பு வருகிறது. மூன்றாம் தடவை வயிற்றைப் பிசைகிறது. 

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வீட்டுக்குச் சொந்தக்காரர்களின் குரல் நாடகத்தில் வரவே வராது. மேல்தளம் என்று ஒன்று இருப்பதாகப் பேச்சு மட்டும்தான். படமாக எடுத்திருந்தால் படிக்கட்டையாவது காட்டியாக வேண்டும். காதுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தன்னை ஒரு பொருட்டாக எண்ணவே கூடாது என்று பழக்கப்படுத்தப்பட்ட எடித்தின் குரல், அந்த இருட்டில் மெல்லக் கேட்கிறது. பிற்காலத்தில் அவள் போலார்டு வீட்டில் சமையல் வேலைக்கு இருந்தவள் என்பதும், தன்னிடம் அன்பாக இருந்த ஒரே ஜீவனான சார்லி வான்கப்பலில் இறந்தாள் என்று கேட்டுத் தற்கொலை செய்துகொண்டவள் என்பதும் கடைசியில்தான் வெளிப்படுகிறது. சார்லியோ இதோ உயிரோடு நிற்கிறாள். அப்படியானால் எடித் செத்தது எதற்காக? அறிவியல் புனைகதையின் காலமுரண் என்ற பழைய கணக்குப் புதிர், இங்கே ஒரு வேலைக்காரியின் உயிருக்கு மதிப்பு உண்டா என்ற கேள்வியாக மாறுகிறது. சும்மா சொல்லக் கூடாது, நான் இதைக் கேட்டுவிட்டு அன்றிரவு வேறெதையும் கேட்கவில்லை.

இப்படி ஒரு நாடகம் வேண்டுமென்று எந்த ரசிகரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அதே 2002இல் வந்த மார்க் பிளாட்டின் ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ பற்றியும் இதையே சொல்லலாம். சைபர்மேன் என்ற உலோக மனிதர்கள் எப்படித் தோன்றினார்கள் என்ற பூர்வகதை அது. ரசிகர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடியது போர்க்கள ஆரவாரம். பிளாட் தந்தது ஓர் ஏழைக் குடும்பம். மகள் யுவான் பணிக்கென்று அழைத்துச் செல்லப்பட்டு, பாதி மாற்றப்பட்ட நிலையில் வீடு திரும்புகிறாள். குரலே மாறிப்போயிருக்கிறது. தகப்பனுக்கு மகளை அடையாளம் தெரிந்துவிடுகிறது. ஒலி நாடகத்தில் குரல்தான் ஆள். குரலை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று அந்த ஊடகத்தைக் கொண்டே கேட்டிருக்கிறார் ஆசிரியர். 2006இல் தொலைக்காட்சித் தொடர் சைபர்மேன்களைத் திரும்பக் கொண்டுவந்தபோது பிளாட்டுக்கு நன்றி தெரிவித்தது நியாயமான காரியம்.

இனி, எல்லாரும் கேட்டதும் காத்திருந்ததும் என்ன ஆயிற்று என்று பார்ப்போம். 2002 ஜூனில் ‘நெவர்லேண்ட்’ வெளிவந்தது. சார்லியின் கதை உச்சத்துக்கு வந்து, டாக்டரே சேக்ரியஸ் என்ற கொடிய சக்தியாக மாறிவிட்டார் என்ற அதிர்ச்சியோடு நின்றது. அடுத்தது எப்போது? தொடரின் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, 2003 நவம்பரில். நடுவே 17 மாதங்கள்! வாரம் ஏழு நாள் காத்திருக்கவே நாம் படாதபாடு பட்டிருக்கிறோம். அதோடு பழைய டாக்டர்கள் மூவரும் மெகானோடு சேரப்போகிறார்கள் என்ற செய்தி வேறு. காத்திருந்தவர்கள் தங்கள் தலைக்குள் ஆளுக்கொரு நாடகம் எழுதி முடித்திருப்பார்கள்.

வந்தது ‘சேக்ரியஸ்’. மூன்று குறுந்தகடுகள், ஏறக்குறைய நாலு மணி நேரம். டேவிசனும் காலின் பேக்கரும் மெக்காயும் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் பெரும்பகுதி வேறு பாத்திரங்களாக வந்தார்கள். 1996இல் காலமான மூன்றாவது டாக்டர் ஜான் பெர்ட்வீயின் குரலையும், ஒரு ரசிகர் படத்துக்காக அவர் பேசியிருந்ததிலிருந்து எடுத்துச் சேர்த்திருந்தார்கள். ரசிகர்கள் பிளந்து நின்றார்கள். “நாலு டாக்டரும் சந்திப்பார்கள் என்று பார்த்தால் இது என்ன கூத்து?” என்பது ஒரு தரப்பு. துணிச்சலான முயற்சி என்பது இன்னொரு தரப்பு.

என் தீர்ப்பு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. குரல்களை எதிர்பார்த்தபடி கொடுக்க மறுத்ததற்காக நான் ஆசிரியர்களைக் குறை கூறமாட்டேன்; அது சரியான முடிவே. கோளாறு வேறிடத்தில். 17 மாதக் காத்திருப்புக்கு ஈடாக இருக்க வேண்டுமே என்ற பதற்றம் நாடகத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் தெரிகிறது. டார்டிஸின் மனம், காலப் பிரபுக்களின் பூர்வ பாவம், இன்னொரு பிரபஞ்சம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். எடித் போல ஓர் ஆள், யுவான் போல ஒரு மகள் அதில் இல்லை. விருந்தாளி அதிக நேரம் காத்துவிட்டாரே என்று இலையில் பத்து வகைப் பதார்த்தம் வைத்துச் சோறு போட மறந்த கதை. நம் கல்கி ‘பொன்னியின் செல்வ’னை முடித்தபோது, இன்னாருக்கு என்ன ஆயிற்று, அன்னாருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டதும், அவர் முடிவுரையில் நிதானமாக விடை சொன்னதும் நினைவுக்கு வருகிறது. எல்லாவற்றையும் இன்னொரு நாவலாக எழுதிவிட வேண்டுமென்று அவர் பதறவில்லை. பிறகு விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார் என்பது தனிக் கதை.

வேடிக்கை என்னவென்றால், ‘சேக்ரியஸ்’ வருவதற்கு இரண்டு மாதம் முன்னால், 2003 செப்டம்பரில், தொலைக்காட்சித் தொடரே திரும்பப்போகிறது என்று பிபிசி அறிவித்துவிட்டது. ஒலி நாடகத்தில் டாக்டரை வேறு பிரபஞ்சத்துக்கு நாடு கடத்தியிருந்தார்கள். புதிதாக வரும் நேயர்களுக்குக் குழப்பமாகுமே என்று 2004 முடிவதற்குள் அவரை ஊர் திருப்பிவிட்டார்கள்.

அந்த நாற்பதாம் ஆண்டு ஆரவாரத்தை முன்கூட்டியே கிண்டல் செய்த நாடகமும் ஒன்று உண்டு. அதுவும் ஷியர்மன் எழுதியது. 2003 ஜனவரியில் வந்த ‘ஜூபிலி’. 1903இல் டாலெக்குகளை டாக்டர் முறியடித்ததன் நூற்றாண்டை ஒரு மாற்று இங்கிலாந்து கொண்டாடுகிறது. டாலெக் என்பது அத்தொடரின் பரம எதிரி. அன்பு, பரிவு எதுவும் இல்லாத உயிர், கவசப் பெட்டிக்குள். அந்த இங்கிலாந்தில் டாலெக்குகள் சினிமாவாகவும் விற்பனைப் பொருளாகவும் சுருங்கிவிட்டன. மிச்சமிருக்கும் ஒரே ஒரு டாலெக்கை லண்டன் கோபுரத்தில் அடைத்துச் சித்திரவதை செய்கிறார்கள், விழா நாளன்று மக்கள் முன் கொல்வதற்காக. விழா எடுக்கிறவர்கள் மெல்ல மெல்ல டாலெக்குகளைப் போலவே பேசுவதைக் கேட்கும்போது, அத்தொடரை ஆண்டுதோறும் கொண்டாடும் ரசிகனுக்கும் கொஞ்சம் சுடத்தான் செய்யும். (மலர் வெளியிடுகிற நமக்கும்தான்.) அந்த டாலெக்கோடு மனிதத்தன்மையுடன் பேச முயல்பவர் ஈவ்லின் ஸ்மைத், 55 வயதுச் சரித்திரப் பேராசிரியை. தொலைக்காட்சியில் டாக்டரின் துணையாக வருவோர் பெரும்பாலும் இளம் பெண்கள். கம்பளிச் சட்டையும் சாக்லேட் கேக்குமாக ஒரு நடுத்தர வயது அம்மாள் உலகைச் சுற்றி வருவது ஒலியில்தான் முதலில் நடந்தது. மேகி ஸ்டேபிள்ஸ் அந்தக் குரலுக்குரியவர். தனிமைப்பட்ட டாலெக் என்ற கரு 2005 ஏப்ரலில் ‘டாலெக்’ என்ற பெயரிலேயே தொலைக்காட்சிக்குப் போயிற்று. அதை எழுதியவரும் ஷியர்மனே.

ஈவ்லினோடு வந்த ஆறாவது டாக்டர் காலின் பேக்கர். 1986இல் பிபிசி அவரை விலக்கியது. டாக்டர்களிலே மக்கள் மனத்தில் கடைசி இடம் அவருக்கு என்பது வெகுகாலப் பேச்சு. கண்ணைப் பறிக்கும் ஒட்டுப்போட்ட கோட்டு, எரிந்துவிழும் குணம். ஒலி நாடகத்தில் கோட்டுத் தெரியாது. எழுத்தாளர்கள் குணத்தையும் பதப்படுத்தினார்கள். கேட்டவர்கள், இவர் இவ்வளவு நல்ல நடிகரா என்று வியந்தார்கள். அவருக்காக யாரும் பெரிதாகக் காத்திருக்கவில்லை என்பதே அவருக்குக் கிடைத்த வரம் என்று சொன்னால் முரணாகத் தோன்றும். ஆனால் வாஸ்தவம் அதுதான்.

2005 மார்ச்சில் தொலைக்காட்சித் தொடர் திரும்பி வந்து பெருவெற்றி பெற்ற பின்னும் ஒலி நாடகங்கள் நிற்கவில்லை. மாதாந்திர வரிசை 2021 மார்ச் வரை 275 வெளியீடுகள் கண்டது. ஆனால் காத்திருப்பின் தன்மை மாறியது. மாதம் ஒரு கதை என்ற பழக்கம் போய், இன்னார் திரும்புகிறார் என்ற அறிவிப்பு முதலிடம் பிடித்தது. பல வருஷம் பிடிகொடுக்காமலிருந்த நான்காவது டாக்டர் டாம் பேக்கர் 2012 ஜனவரி முதல் பிக் ஃபினிஷ் நாடகங்களில் பேசினார். 2013 நவம்பரில் பிபிசி வெளியிட்ட ஒரு குறும்படத்தில் மெகான் மீண்டும் தோன்றி, சாகும் முன் சார்லி முதலான தம் ஒலி நாடகத் துணைவர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். காதால் மட்டுமே அறிந்திருந்தவர்களின் பெயர் திரையில் கேட்டதும் ரசிகர்கள் கண்கலங்கினார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதன்பிறகு, எது கணக்கில் சேரும், எது சேராது என்ற பேச்சு, நாடகம் நன்றாயிருக்கிறதா என்ற பேச்சைவிடப் பெரிதாகிவிட்டதோ என்ற ஐயமும் உண்டு.

இதன் உச்சம் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன். 2005இல் 13 பகுதிகளில் மட்டும் நடித்துவிட்டு விலகியவர். திரும்பவே மாட்டார் என்று எல்லாரும் கைகழுவிவிட்ட நிலையில், உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த 2020 ஆகஸ்டில் அவர் ஒலி நாடகத்துக்கு ஒப்புக்கொண்ட செய்தி வந்தது. என் தமக்கை மகன் அலுவலக நேரத்தில் கூப்பிட்டு, “மாமா, உட்கார்ந்துக்கிட்டு இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னான். ஒன்பது மாதம் கழித்து, 2021 மே மாதம் ‘ராவேஜர்ஸ்’ வெளிவந்தது. முதல் சில நிமிடங்களிலேயே குரல் தெரிந்துவிட்டது. வட இங்கிலாந்து உச்சரிப்பு, அந்தப் படபடப்பு, திடீர் மௌனம் எல்லாம் அப்படியே. ஆனால் கதை? காலம் முன்னும் பின்னும் புரளும் ஒரு சிக்கல், சிக்கலுக்காகவே போட்ட சிக்கல். யாருக்காகவும் நெஞ்சு பதறவில்லை. தமக்கை மகனைக் கேட்டேன். “அவர் பேசினாரே, அது போதும் மாமா” என்றான். அந்தப் பதிலில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ‘போதும்’ இருக்கிறதே, அதைத் தெரிந்துகொண்ட பின் எந்த நிறுவனம்தான் ஷியர்மன் மாதிரி ஆளைத் தேடிக்கொண்டிருக்கும்?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். சில மாதங்களில் வந்த அடுத்த தொகுப்பில் ‘ஃப்ரைட் மோட்டிஃப்’ என்ற நாடகம், போருக்குப் பிந்தைய பாரிஸில் இசைத்திறன் கைவிட்டுப்போன ஒரு கலைஞனையும் அவனை விழுங்கத் தேடும் ஏதோ ஒன்றையும் வைத்து எழுதப்பட்டது. ஒலியைப் பற்றி ஒலியிலேயே ஒரு கதை. அறிவிப்பின் ஆரவாரம் அடங்கிய பின்தான் அது முடிந்தது. அதைக் குறித்துப் பேசியவர்கள் எண்ணிக்கையோ, முதல் தொகுப்பைப் பற்றிப் பேசியவர்களில் கால்பங்குகூட இருக்காது என்பது என் அனுமானம்.

இத்தனை அவசரமாக எல்லாரையும் ஏன் திரும்ப அழைக்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான்காவது டாக்டரின் துணையாக வந்த மேரி டாம், டாம் பேக்கரோடு ஒரு முழு வரிசையைப் பதிவு செய்துவிட்டு 2012 ஜூலையில் காலமானார்; அது வெளிவந்தது 2013இல். போர்க்கால டாக்டராக நடித்த ஜான் ஹர்ட் நான்கு தொகுப்புகள் பேசி முடித்தார். 2017 ஜனவரியில் இறந்தார். நான்காவது தொகுப்பு அடுத்த மாதம் வந்தது. அதைக் காத்திருந்து வாங்கியவர்கள் எந்த மனநிலையில் கேட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ‘பிளேக்ஸ் 7’ என்ற இன்னொரு பிபிசி தொடருக்கும் இதே கதி. 1981இல் அதன் கடைசிப் பகுதியில் நாயகர்களைச் சுட்டுவீழ்த்தி முடித்துவிட்டார்கள். பின்னாளில் வந்த ஒலி நாடகங்கள் பெரும்பாலும் அந்த முடிவைத் தொடாமல் நடுவில் உள்ள இடைவெளிகளில் கதை சொன்னது நல்ல விவேகம். ஆனால் பிளேக்காக நடித்த காரெத் தாமஸ் 2016இலும், ஏவனாக நடித்த பால் டாரோ 2019இலும் மறைந்தபின் இடைவெளி இருந்தும் குரல் இல்லை.

குரல் போனால் என்ன செய்வது? மாற்றுக் குரல் தேடுகிறார்கள். இரண்டாவது டாக்டரின் மகன் மைக்கேல் ட்ரௌட்டன் 2022 முதல் தந்தையின் பாத்திரத்தைப் பேசுகிறார். இதில் எனக்கு முதலில் மிகுந்த தயக்கம் இருந்தது. அச்சு அசலாக அப்பா மாதிரியே இருக்கிறது என்று புகழ்கிறவர்கள், தெரியாமலே அந்த மகனைச் சிறுமைப்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். பலகுரல் கலைஞனுக்குத் தருகிற பாராட்டு அது. நடிகனுக்கு உரியது வேறு.

2021 மார்ச்சில் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி சைபர்மென்’ நாடகத்தை வைத்து இதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. 1970களில் எழுதப்பட்டு, பின் பெரிதும் மாற்றப்பட்ட ஒரு கதையின் மூல வடிவம் அது. 87 வயதில் டாம் பேக்கரே டாக்டர். அவருடன் பயணிக்கும் சாரா ஜேன் பாத்திரத்துக்குப் பெயர் தேடித்தந்த எலிசபெத் ஸ்லேடன் 2011இல் காலமாகிவிட்டதால், அவர் மகள் சேடி மில்லர் பேசினார். நான் கூடத்தில் அமர்ந்து, தாயின் சாயல் எங்கே தட்டுகிறது, எங்கே நழுவுகிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு டாக்டர் ஹூ என்றால் அது ஏதோ மருத்துவமனைக் கதை. கறிகாய் நறுக்கிக்கொண்டே அரைகுறையாகக் கேட்டவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் பொண்ணு பொழைச்சுக்குவாளா, இல்லையா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.